பந்து வலைக்குள் போயிற்று. கோல் ஏன் இல்லை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

சென்ற பருவத்தில் நடந்த கல்லூரிகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நான் அடித்த பந்து வலைக்குள் போயிற்று. நம் மாணவர்கள் ஆரவாரம் செய்து எழுந்தார்கள். ஆனால் கோட்டு நடுவரின் கொடி உயர்ந்திருந்தது. ஆப்சைடு! ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் தோற்றோம். கொடி தூக்கியவர் மேல் குறையொன்றும் இல்லை. நான் ஓரடி முந்தித்தான் நின்றிருந்தேன்.

அன்று என் தந்தையார் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவர் மண்டியில் மூட்டை தூக்குபவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் இங்கே சேர்ந்தபின் அவர் கல்லூரி வாயிலுக்குள் வந்தது அது இரண்டாம் முறை. முதல் முறை வந்தது சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட. வீடு திரும்பும் வழியில் அவர் கேட்டார்: “பந்து உள்ளே போச்சே தம்பி, அப்புறம் ஏன் இல்லேங்கிறாங்க?”

“நான் முன்னாடி நின்னுட்டேம்பா.”

“முன்னாடி நிக்காம எப்படிக் கோல் போடுவே?”

விதியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அது சரி, அப்படி ஒரு விதியை எதுக்கு வெச்சாங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேற்றத்தை மனப்பாடம் செய்துவிட்டு நிரூபணம் தெரியாமல் கரும்பலகையின் முன் நிற்கும் மாணவனின் நிலைதான் அப்போது எனக்கு. எட்டு ஆண்டுகளாக ஆடிவரும் ஆட்டத்தின் மிக முக்கியமான விதி ஏன் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பிரியர்கள் பொறுத்தருள்க. நம் அணியினர் பந்தை அனுப்பும் அந்தக் கணத்தில், நாம் எதிரணியின் பாதிக் களத்தில், பந்தைவிடவும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருந்து ஆட்டத்தில் பங்கு கொண்டால் அது ஆப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். ஆகவே இரண்டாவது ஆள் பின்வரிசையின் கடைசி ஆட்டக்காரர். அவருக்குச் சமமாக நின்றால் குற்றமில்லை. பந்து வந்து சேரும் கணம் கணக்கில்லை, அனுப்பப்படும் கணமே கணக்கு. பார்வையாளர்களின் கூச்சலில் பாதி இந்த ஒன்றை மறப்பதால் வருவது.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? புத்தகத்தில் தேடுவதைவிட ஆடிப் பார்ப்பதே மேல் என்று தோன்றியது. விடுதி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, அணிக்கு ஒன்பது பேராக, ஒரு மாலை ஆப்சைடு இல்லாமலே ஆடினோம். முதல் பத்து நிமிடம் ஒரே உற்சாகம். பிறகு ஒவ்வோர் அணியும் இரண்டு பேரை எதிரணிக் கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே நிறுத்தியது. அவர்களைக் காக்க எதிரணியின் மூவர் அங்கேயே நின்றார்கள். களத்தின் இரு முனைகளிலும் கூட்டம், நடுவே வெற்றிடம். பின்னாலிருந்து ஓங்கி உதைப்பதும், கோல் வாயிலில் முட்டி மோதுவதுமே ஆட்டமாகிவிட்டது. நடுவரிசையில் நின்ற என் வகுப்புத் தோழன் அரை மணி நேரத்தில் சலித்துப்போய், “பந்து என் தலைக்கு மேலேயே போகுதுடா, நான் எதுக்கு நிக்கிறேன்?” என்று கத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். என் தந்தையாரின் கேள்விக்கு அவன் பாதி விடை சொல்லிவிட்டான்.

மீதி விடை வரலாற்றில் இருக்கிறது. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நின்றாலே ஆப்சைடு. ஆகவே பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஓடுவதும், மற்றவர்கள் பின்னால் திரளாக ஓடுவதுமே தாக்குதல் ஆட்டமாக இருந்தது. 1866-இல் விதி தளர்ந்தது: பந்து அனுப்பப்படும்போது எதிரணியினர் மூவரேனும் முன்னால் இருந்தால் போதும் என்றாயிற்று. முன்னால் நிற்பவனுக்குப் பந்தை அனுப்பலாம் என்பதே அப்போதுதான் பிறந்தது. ஆயினும் பழக்கம் எளிதில் போகுமா? 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் நாடுகளிடை ஆட்டத்தில் இங்கிலாந்து ஏழெட்டுப் பேரை முன்வரிசையில் நிறுத்தித் தனித்தனியே உருட்டிக்கொண்டு ஓடியது. ஸ்காட்லாந்தோ ஆறு பேரை நிறுத்திப் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடியது. இத்தனை பேர் முன்னால் நின்றும் விழுந்த கோல்கள் சுழி. முன்னால் ஆளைக் கூட்டினால் கோல் கூடிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூவர் விதி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்தது. அதைக் கரைத்துக் குடித்தவர் நியூகாசில் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் பில் மக்ராக்கன். எதிரணி பந்தை அனுப்பப் போகும் நொடியில் அவர் இரண்டடி முன்னால் வந்துவிடுவார். அவ்வளவுதான், எதிரணியின் முன்வரிசை முழுதும் ஆப்சைடு. இதில் அவருக்கு ஆபத்தும் குறைவு. கணிப்புத் தவறினாலும் அவருடைய கூட்டாளி பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் பின்னால் கோல்கீப்பர். நியூகாசில் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய ஓர் அணியினர் கார்டு விசில் ஊதியதும், “இதற்குள் ஆப்சைடா!” என்றார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். மற்ற அணிகளும் இதைக் கற்றுக்கொண்டபோது ஆட்டம் நடுக்கோட்டருகே நெருக்குண்டு, விசில் சத்தமே மிகுந்தது.

1925-இல் இரண்டு மாற்று வழிகளைச் சோதித்தார்கள். ஒன்று, மூவர் என்பதை இருவர் ஆக்குவது. மற்றொன்று, கோலிலிருந்து 40 கஜத்தில் குறுக்குக்கோடு போட்டு, அதற்கு அப்பால் மட்டும் ஆப்சைடு பார்ப்பது. முதல் வழியே ஏற்கப்பட்டது. விளைவைப் பாருங்கள். இங்கிலாந்து லீக்கில் அப்போது நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 22 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 21 அணிகளைத் தன் களத்தில் ஒரு முறை சந்திக்கும். ஆகப் பிரிவுக்கு 462 ஆட்டம், மொத்தம் 1,848 ஆட்டம். 1924-25-இல் அவற்றில் விழுந்தவை 4,700 கோல்கள். விதி மாறிய மறு ஆண்டில் அதே 1,848 ஆட்டங்களில் 6,373. ஆட்டத்துக்கு 2.54 என்பது 3.45 ஆயிற்று. ஒரே ஓர் எண்ணை மூன்றிலிருந்து இரண்டாக்கியதில் வந்த மாற்றம் இது! 1927-28-இல் எவர்ட்டன் அணியின் டிக்சி டீன் ஒரே பருவத்தில் லீக்கில் 60 கோல்கள் அடித்ததும் இந்த அலையில்தான்.

ஆனால் தடுப்பவனும் மனிதன்தானே, அவனும் யோசிப்பான். 1925 அக்டோபர் 3 அன்று ஆர்சனல் அணி நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. அதுவரை நடுவரிசையின் மையத்தில் ஆடி, தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்த ‘சென்டர் ஹாப்’ இனிப் பின்வரிசைக்கு இறங்கி எதிரணியின் மைய முன்வீரரை மட்டும் காக்க வேண்டும் என்று சார்லி புக்கன் வற்புறுத்தினார். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் ஏற்றுக்கொண்டார். இரண்டே நாளில் அதே அணி வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றது. பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய அமைப்பு மெல்ல மறைந்து, முன்னால் ஐவர் ‘டபிள்யூ’ எழுத்தாகவும் பின்னால் ஐவர் ‘எம்’ எழுத்தாகவும் நிற்கும் அமைப்பு வந்தது. தாக்குதலைக் கூட்ட வந்த விதி, நாளடைவில் தடுப்பு வீரர் ஒருவரைக் கூட்டிக்கொடுத்தது.

நிற்க. எனக்குப் பிடித்த தாக்குதல் ஆட்டம் எது என்று கேட்டால், தயங்காமல் 1953-இன் ஹங்கேரி என்பேன். பழைய படச்சுருளில்தான் பார்த்திருக்கிறேன்; படம் கறுப்பு வெள்ளை, மூடுபனி வேறு. நவம்பர் 25, வெம்ப்ளி மைதானம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த நாடும் அதுவரை இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. இங்கிலாந்து அதே டபிள்யூ-எம் அமைப்பில் நிற்கிறது. அதன் மையத் தடுப்பாளர் ஹாரி ஜான்ஸ்டன் 9-ஆம் எண் சட்டைக்காரரைக் காக்க வேண்டும். ஆனால் ஹங்கேரியின் 9-ஆம் எண்ணான ஹிடெக்குட்டி முன்னால் நிற்கவே இல்லை! நடுக்களத்துக்கு இறங்கி வந்து நிற்கிறார். ஜான்ஸ்டன் அவரைத் தொடர்ந்து போனால் பின்னால் ஏற்படும் ஓட்டையில் புஷ்காஷும் கோச்சிஷும் பாய்கிறார்கள். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி தடையின்றிப் பந்தை வாங்கித் திரும்புகிறார். எதைச் செய்தாலும் தவறு என்ற நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி ஒரு கோல் போட்டார். ஆட்டம் 6-3 என முடிந்தபோது அவர் கணக்கில் மூன்று. யாரையும் இடித்துத் தள்ளாமல், நிற்கும் இடத்தை மட்டும் மாற்றி வென்ற வெற்றி அது. 1954 உலகக் கோப்பையில் அந்த அணி ஐந்து ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்தும் இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றுவிட்டது. அந்த உலகக் கோப்பையில் மொத்தம் 26 ஆட்டங்களில் 140 கோல்கள். ஆட்டத்துக்கு 5.38! இன்றுவரை அதை எந்த உலகக் கோப்பையும் நெருங்கவில்லை.

அடுத்த இடம் 1974-இன் நெதர்லாந்துக்கு. ரைனஸ் மிக்கேல்ஸ் பயிற்றுவித்த அந்த அணியில் பின்வரிசைக்காரர் முன்னேறினால் முன்வரிசைக்காரர் அவர் இடத்தை நிரப்புவார்; எவரும் எங்கும் ஆடலாம். மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தில் தொடக்க உதையிலிருந்து பந்தைத் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டே போய், ஜெர்மானியர் பந்தைத் தொடுமுன்பே கிரைப் வீழ்த்தப்பட்டு, பெனால்டியில் கோல் கண்டார்கள். பிறகு 2-1 என்று தோற்றார்கள். (எனக்குப் பிடிக்கும் அணிகளெல்லாம் இறுதியாட்டத்தில் தோற்பதாக என் தோழன் கேலி செய்கிறான்.) இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அணியின் பின்வரிசை கூட்டமாக முன்னால் ஓடிவந்து எதிரணியை ஆப்சைடு ஆக்கும். மக்ராக்கன் ஆட்டத்தைக் கெடுக்கப் பயன்படுத்திய அதே கண்ணியை இவர்கள் பந்தைப் பறித்து மீண்டும் தாக்கப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கண்ணியின் பலத்தைக் கணக்காகவே காணலாம். ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் எனக் கொள்வோம். பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பர்கள் நீங்கலாக 20 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 357. இரு அணிகளின் பின்வரிசையும் முன்னேறி இடைவெளியை 35 மீட்டராகச் சுருக்கிவிட்டால் ஆளுக்கு 119 தான். மூன்றில் ஒரு பங்கு! அந்த நெருக்கடியில் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, அனுப்புவது எவ்வளவு கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். 2022 நவம்பர் 22 அன்று கத்தாரில் சவூதி அரேபியா இதைத்தான் செய்தது. அதன் பின்வரிசை நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. அர்ஜெண்டினா முதல் பாதியில் வலைக்குள் செலுத்திய மூன்று பந்துகள் ஆப்சைடு என்று தள்ளப்பட்டன. ஆட்டம் 2-1 எனச் சவூதிக்குப் போயிற்று. 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாது வந்து, பின்னர் அதே கோப்பையை வென்ற அணியே அன்று மூன்று முறை மாட்டியது என்றால், என் ஓரடி எம்மாத்திரம்!

ஆட்டத்தைச் சுவையாக்க வேறு விதிகளும் வந்தன. அவற்றுள் கணித மாணவனுக்கு இனிப்பது வெற்றிக்கு மூன்று புள்ளி என்பது. முன்பு வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று. 1981-இல் இங்கிலாந்து லீக் வெற்றிக்கு மூன்று என்று மாற்றியது. 1994-இல் உலகக் கோப்பைக்கும் அது வந்தது. ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, சில நிமிடங்களே மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கி நின்றால் ஒரு புள்ளி உறுதி. துணிந்து தாக்கினால் வெல்லும் நிகழ்தகவு ‘வெ’, தோற்கும் நிகழ்தகவு ‘தோ’ என்போம். பழைய முறையில் எதிர்பார்ப்பு மதிப்பு 1 + வெ – தோ. ஆகவே வெல்லும் வாய்ப்பு தோற்கும் வாய்ப்பைவிட மிகுதியாக இருந்தால்தான் தாக்குவது இலாபம். புதிய முறையில் அது 1 + 2வெ – தோ. தோற்கும் வாய்ப்பு வெல்லும் வாய்ப்பைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் தாக்கலாம்! அழகான விதிதான். ஆனால் ஒரு கோல் முந்தி நிற்கும் அணியின் பக்கமிருந்து பாருங்கள். முன்பு சமநிலையானால் அதற்கு ஒரு புள்ளிதான் இழப்பு, இப்போது இரண்டு. ஆகவே அது முன்னிலும் கெட்டியாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரே விதி ஒருவனை முன்னே தள்ளி மற்றவனைப் பின்னே இழுக்கிறது.

இதைவிடக் குறையற்றது 1992-இல் வந்த விதி என்பது என் எண்ணம். அதற்குமுன் நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்கீப்பருக்கு உதைத்துவிடுவார்கள். அவர் கையில் எடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவார். 1990 உலகக் கோப்பையில் இது சகிக்க முடியாமல் போயிற்று: 52 ஆட்டங்களில் 115 கோல்கள், ஆட்டத்துக்கு 2.21. உலகக் கோப்பைகளிலேயே மிகக் குறைவு. ஆகவே தன் அணியினர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்றார்கள். 1994-இல் அதே 52 ஆட்டங்களில் 141 கோல்கள். சராசரி சரியாக அரை கோல் கூடியது. அதில் மூன்று புள்ளிக்கும் பங்கு உண்டு என்பதால் முழுப் பெருமையையும் ஒன்றுக்கே தர முடியாது.

தோற்றுப்போன விதிகளும் உண்டு. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் என்ற ‘தங்க கோல்’ விதி அவற்றுள் ஒன்று. துணிச்சல் பெருகும் என்று எண்ணினார்கள், பயம்தான் பெருகியது. 2004-க்குப் பின் அது போய்விட்டது. இந்த விதி 1994 ஜனவரி 27 அன்று நடத்திய கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று; பார்படோஸ், கிரெனடா. அங்கே தங்க கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு என்று வைத்திருந்தார்கள். பார்படோஸ் அடுத்த சுற்றுக்குப் போக இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 2-0 என்று இருந்த ஆட்டம் 83-ஆம் நிமிடத்தில் 2-1 ஆயிற்று. மீண்டும் ஒன்று போடுவதைவிட, ஆட்டத்தைச் சமமாக்கிக் கூடுதல் நேரத்துக்குப் போய் இரண்டு மதிப்புள்ள கோலைப் போடுவது எளிது என்று கண்டுகொண்ட பார்படோஸ், தன் கோலுக்குள் தானே பந்தை அடித்தது! கிரெனடாவுக்கு விஷயம் புரிந்தது. 3-2 என்று வென்றாலும், தங்கள் கோலுக்குள் தாங்களே அடித்து 3-2 என்று தோற்றாலும் அவர்களுக்கு அடுத்த சுற்று உறுதி. ஆகவே கடைசி நிமிடங்களில் அவர்கள் இரண்டு கோல்களையும் தாக்க, பார்படோஸ் இரண்டு கோல்களையும் காத்து நின்றது. கூடுதல் நேரத்தில் பார்படோஸ் தங்க கோல் அடித்து 4-2 என்று வென்று போயிற்று. விதி எழுதியவர் கணிதம் படிக்காதவர் என்றே நினைக்கிறேன்.

இனி என் யோசனை. கோல் இல்லாத சமநிலைக்குப் புள்ளியே கூடாது என்று முதலில் எண்ணினேன். ஆனால் அப்படியானால் இரு அணிகளும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கோல் போட்டுக்கொள்ளும். நடக்குமா என்று கேட்காதீர்கள். 1982 ஜூன் 25 அன்று ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற முடிவு இருவருக்கும் போதும் என்பதால், பத்தாம் நிமிடத்துக் கோலுக்குப் பின் வெறுமனே பந்தை உருட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியேற்றின. ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டேன். தாக்குபவரின் உடலில் ஒரு பகுதியேனும் தடுப்பாளருக்குச் சமமாக இருந்தால் ஆப்சைடு இல்லை என ஆக்கலாம் என்று ஆர்சன் வெங்கர் முன்மொழிந்திருக்கிறார். என் ஓரடிக்கு அது ஆதரவான யோசனைதான்! ஆயினும் தடுப்பாளர்கள் பயந்து தங்கள் கோலருகே பதுங்கிவிடுவார்களோ என்ற ஐயம் இருக்கிறது.

எனக்குச் சரியாகப் படுவது 1925-இல் கைவிடப்பட்ட அந்தக் குறுக்குக்கோடு. பீலே ஆடிய வட அமெரிக்க லீக்கில் 1973-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் 35 கஜக் கோடு போட்டு ஆடினார்கள். உலகக் கால்பந்துக் கழகம் ஒப்பாததால் அது நின்றுபோயிற்று. ஆட்டத்தில் தோற்ற விதி அல்ல அது. கோட்டுக்கு இப்பால் ஆப்சைடு இல்லையென்றால், பின்வரிசை நடுக்கோடு வரை ஏறிவந்து ஆட்டத்தை நெருக்குவதில் பயனில்லை. ஆளுக்கு 119 சதுர மீட்டர் என்ற நெருக்கடி தளரும். அதே வேளையில் கோட்டுக்கு அப்பால் ஆப்சைடு இருப்பதால், எங்கள் விடுதித் திடலில் நடந்ததுபோல் கோல்கீப்பரின் மூக்கருகே கூட்டம் சேராது. நம் உடற்கல்வி இயக்குநர் அவர்களிடம் இதைச் சொன்னேன். கோட்டு நடுவரின் வேலை இரட்டிப்பாகும், அவருக்கு நான்கு கண் வேண்டும் என்று சிரித்தார். ஆனாலும் இரண்டு சனிக்கிழமைகளில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிப் பார்க்க அனுமதி தந்திருக்கிறார். கொடி பிடிப்பதும் அவரே.

வீட்டில் தேநீர்க் குவளைகளையும் தீப்பெட்டியையும் தரையில் அடுக்கி, என் தந்தையாருக்கு மக்ராக்கனையும் ஹிடெக்குட்டியையும் விளக்கினேன். குவளையை இரண்டு முறை அவரே நகர்த்திப் பார்த்தார். “அப்போ அந்தப் பின்னாடி ஆளு ஓரடி முன்னே வந்தது தற்செயல் இல்லே, வேணும்னே வந்திருக்கான்” என்றார். எனக்கு அதுவரை தோன்றாத செய்தி அது. சுண்ணாம்புக் கோட்டு ஆட்டம் எந்தக் கிழமை என்று கேட்டார், சொன்னேன். “சனிக்கிழமை மண்டியில லோடு கம்மிதான்” என்றார்.